ஒரு சைக்கிள் ஸ்டாண்டும் பதின்மூன்று நிமிட நாடகமும்
(சப்தர் ஹஷ்மி நினைவாக)

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோதே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துத்தான் சொன்னார். "ஹாஸ்டல் மெஸ், சாம்பார், வார்டன் என்று மட்டும் எழுதிடாதே. அந்த வகையில் ஏற்கெனவே பதினேழு கட்டுரை வந்தாச்சு!" நல்லதாய்ப் போயிற்று. நான் எழுத நினைத்திருந்தது நம் கல்லூரியில் காலடியே வைத்திராத ஒருவரைப் பற்றி. பொறியியல் படித்தவரும் இல்லை. ஆங்கில இலக்கியம் படித்தவர், நாடகக்காரர். பெயர் சப்தர் ஹஷ்மி. 34 வயதில் ஒரு தெருநாடகத்தின் நடுவே தாக்கப்பட்டு, மறுநாள் இறந்துபோனார்.

அவருக்கும் நம்மைப் போன்ற ஸ்பானர் பிடிக்கிற ஆட்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அவருடைய குழு போட்ட முதல் முழுமையான தெருநாடகத்தின் பெயரே 'மெஷின்'.

அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தில்லியை ஒட்டிய காசியாபாத் தொழிற்பேட்டையில் ஹாரிக் இந்தியா என்று ஒரு தொழிற்சாலை. 1978 வாக்கில் அங்கிருந்த தொழிலாளர்கள் நிர்வாகத்திடம் வைத்த கோரிக்கைகளில் முக்கியமானவை இரண்டு. சைக்கிள்களை நிறுத்த ஓர் இடம் வேண்டும். இடைவேளையில் ஒரு டீ குடிக்க ஒரு கேன்டீன் வேண்டும். போனஸோ, சம்பள உயர்வோ, முதலாளியின் பங்களாவோ இல்லை. சைக்கிள் ஸ்டாண்டும் டீயும்! நிர்வாகம் மறுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காவலாளிகள் சுட்டதில் 6 தொழிலாளர்கள் செத்தார்கள்.

இதைப் படித்த அன்று என் மூளை முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? சைக்கிள் ஸ்டாண்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டது. தொழில் புத்தி, வேறென்ன! ஒரு சைக்கிளுக்கு அகலம் 0.6 மீட்டர், நீளம் 1.8 மீட்டர். நூறு சைக்கிளுக்கு 108 சதுர மீட்டர். நடுவில் உருட்டிப் போகப் பாதை விட்டால் இருநூறு. நம்ம ஊர்க் கணக்கில் ஐந்து சென்ட். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கீழே நாலு வரிசை ஆங்கிள் இரும்பு. ஒரு வெல்டரும் ஒரு ஹெல்பரும் இருந்தால் சில நாளில் முடிகிற வேலை. கேன்டீன் விஷயமோ அப்போதே சட்டத்தில் இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் வைக்கச் சொல்லி விதி செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. நாடு சுதந்திரம் வாங்கின மறு வருஷமே எழுதி வைத்தாயிற்று. முப்பது வருஷம் கழித்து அதே டீக்காக ஆறு பேர் உயிர் போகிறது.

மனித உரிமை என்றதும் நமக்கு ஐக்கிய நாடுகள் சபை, பெரிய பெரிய பிரகடனம், நீதிமன்றம் என்றுதான் ஞாபகம் வருகிறது. சப்தர் ஹஷ்மியைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அது இந்த ஐந்து சென்ட் அளவுக்குச் சுருங்கி, பக்கத்தில் வந்து நின்றது.

சரி, நாடகத்துக்கு வருவோம். சப்தரும் அவருடைய குழுவைச் சேர்ந்த ராகேஷ் சக்சேனாவும் சேர்ந்து எழுதியது. மொத்தமே சுமார் பதின்மூன்று நிமிஷம். மேடை கிடையாது, திரை கிடையாது, விளக்கு, மைக், செட்டிங்ஸ் எதுவும் கிடையாது. சுற்றிலும் வட்டமாக ஜனங்கள். நடுவில் நடிகர்கள் உடம்பாலேயே ஒரு இயந்திரமாக மாறுவார்கள். ஒருவர் கை பிஸ்டன் மாதிரி போய் வரும், ஒருவர் சக்கரமாய்ச் சுற்றுவார், வாயாலேயே சத்தம். சீரான தாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் திடீரென்று நின்றுவிடும். ஏன் நின்றது? சூத்திரதாரி வந்து கேட்பான். அந்த மெஷினின் பாகங்களாக இருந்தவர்களிலிருந்தே தொழிலாளி வருவான், முதலாளி வருவார், காவலாளி வருவான், ஒவ்வொருவராகப் பேசுவார்கள். சைக்கிள் ஸ்டாண்டும் டீயும் பேச்சில் வரும். பிறகு துப்பாக்கி.

பராமரிப்புப் பிரிவில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். மெஷின் நின்றால் நாங்கள் கேட்பதும் இதே கேள்விதான்: ஏன் நின்றது? பேரிங் போச்சா, பெல்ட் அறுந்ததா, ஃபியூஸ் போச்சா என்று பார்த்துக்கொண்டே போவோம். ரிப்போர்ட்டில் காரணம் எழுதும் கட்டம் ஒன்று இருக்கும். 'ஆபரேட்டருக்குக் காலையிலிருந்து டீ கிடைக்கவில்லை' என்று அந்தக் கட்டத்தில் எழுதின பொறியாளரை நான் பார்த்ததில்லை. இந்த நாடகம் அதைத்தான் எழுதிற்று.

1978 அக்டோபரில் முதல் தடவை நடந்தது. அடுத்த மாதமே தில்லி தல்கத்தோரா அரங்கில் நாடெங்கிலுமிருந்து வந்த தொழிற்சங்கப் பிரதிநிதிகள் முன்னால் போட்டார்கள். மறுநாள் போட் கிளப் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கூடியிருந்த பேரணியில் மீண்டும் அதே நாடகம். வந்தவர்களில் சிலர் வசனங்களை டேப் ரிக்கார்டரில் பிடித்துக்கொண்டு போய், தங்கள் ஊரில், தங்கள் மொழியில் போட ஆரம்பித்துவிட்டார்கள். எழுதியவர்களுக்கே பிறகுதான் விஷயம் தெரியும். இன்றைக்கு 'வைரல்' என்கிறோமே, அதை அன்றைக்கு ஒரு கேசட் செய்திருக்கிறது.

இப்படி ஒரு நாடகம் பிறந்ததற்குக் காரணம் கலைக் கொள்கை ஒன்றுமில்லை, பணமில்லாமைதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1973-ல் தில்லியில் சில மாணவர்கள் சேர்ந்து 'ஜன நாட்டிய மஞ்ச்' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். சுருக்கமாக 'ஜனம்' என்பார்கள். அப்போது சப்தருக்கு 19 வயது. (பிறந்தது தில்லியில், 1954 ஏப்ரல் 12, சிறு வயதுப் படிப்பு அலிகரில், பிறகு தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி.) ஆரம்பத்தில் பந்தல் போட்டு, மேடை கட்டி, பெரிய நாடகங்கள்தான் போட்டார்கள். 1975 ஜூனில் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில் அலகாபாத் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும், 'குர்சி குர்சி குர்சி' என்று ஒன்றை அவசரமாகத் தயாரித்துத் தெருவில் நடித்தார்கள். குர்சி என்றால் நாற்காலி. ராஜா எழுந்தால் நாற்காலியும் அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்துவிடும்! போட் கிளப் புல்வெளியில் ஒரு வாரம் போல் நடந்தது. ஜூன் 25 வந்தது, நெருக்கடி நிலை வந்தது, நாடகம் நின்றது.

நெருக்கடி நிலைக் காலத்தில் சப்தர் கார்வாலிலும் காஷ்மீரிலும் கல்லூரி ஆசிரியராகப் பாடம் நடத்தினார். 1977-க்குப் பிறகு குழு மறுபடி கூடியபோது, நாடகம் போட அழைக்கும் தொழிற்சங்கங்களிடம் பந்தல் கட்டக்கூடக் காசில்லை. அப்படியானால் பெரிய நாடகம் வேண்டாம், சின்ன நாடகமாகப் போடுவோம். ஆளும் குரலும் மட்டும் போதும் என்று முடிவு செய்தார்கள். பட்ஜெட் இல்லை என்றால் டிசைனை மாற்று. நம் பேராசிரியர்கள் தலை தலையாய் அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்ததும் இதுதானே!

அதற்குப் பிறகு பத்து வருஷம் நிற்கவே இல்லை. 1979-ல் தில்லி போக்குவரத்துக் கழகம் பஸ் கட்டணத்தை ஏற்றியது. அறிவிப்பு வந்த சூட்டோடு ஒரு குறுநாடகத்தைத் தயாரித்து பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பாகப் போய் நடித்தார்கள். அதே வருஷம் 'ஔரத்' என்ற நாடகம். ஔரத் என்றால் பெண். ஈரானில் ஆசிரியையாக இருந்து புரட்சியாளராகக் கொல்லப்பட்ட மர்ஸியே அகமதி ஒஸ்கூயியின் கவிதை ஒன்றிலிருந்து ஆரம்பமாகும். வேலைக்குப் போகும் பெண்கள் மாநாட்டுக்கென்று தயாரித்தது, வருஷக்கணக்காக ஓடியது. சப்தரின் மனைவி மொலயஸ்ரீ குழுவின் முக்கியமான நடிகை. 1989 தொடக்கம் வரை இருபத்து நாலு தெருநாடகங்கள், ஏறத்தாழ 4000 காட்சிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பத்து வருஷத்தில் 4000 என்றால் நாளொன்றுக்கு ஒன்றுக்கும் மேல்! இதில் வேலைக்கும் போனார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆமாம், வேலை. மாணவத் தம்பி தங்கைகளுக்கு இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். சப்தர் ஹஷ்மியை எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தெருவுக்கு வந்த துறவி மாதிரி சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. பாடம் நடத்தினார், பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தில் இருந்தார், எகனாமிக் டைம்ஸில் இருந்தார், மேற்கு வங்க அரசின் தகவல் அதிகாரியாகத் தில்லியில் வேலை பார்த்தார். 1984-ல்தான் முழுநேரமாக இறங்கினார். அதாவது 'மெஷின்', 'ஔரத்' எல்லாம் மாதச் சம்பளக்காரராக இருந்தபோது செய்தவை. அவர் ஒரு கட்சிக்காரர் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1976 முதல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். அந்தக் கட்சியோடு எனக்கு எல்லாவற்றிலும் உடன்பாடு என்று சொல்லமாட்டேன். நம் மலரின் வாசகர்களில் பாதிப் பேர் சொல்லமாட்டார்கள். ஆனால் டீ கேட்டவனைச் சுடக்கூடாது என்பதற்குக் கட்சி அட்டை தேவையில்லையே.

நாடகம் தவிரக் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார், போஸ்டர் வரைந்தார், தூர்தர்ஷனுக்குத் தொடர் எழுதினார். 1988-ல் புகழ்பெற்ற நாடகாசிரியர் ஹபீப் தன்வீருடன் சேர்ந்து பிரேம்சந்த் கதையொன்றை 'மோட்டேராம் கா சத்யாகிரகம்' என்று மேடை நாடகமாக்கினார். ஜனங்களுக்குப் போடுவது தெருநாடகம், படித்தவர்களுக்குப் போடுவது மேடை நாடகம் என்ற பாகுபாடு அவரிடம் கிடையாது. தரம் குறைந்தால் தெருவிலும் கூட்டம் கலைந்துவிடும் என்பது நாடகம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிக்கெட் வாங்கினவனாவது காசுக்காக உட்காருவான். தெருவில் நிற்கிறவன் ஒரு நிமிஷத்தில் நடையைக் கட்டிவிடுவான்.

1988 நவம்பரில் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தக் கோரித் தில்லி வட்டாரத் தொழிலாளர்கள் ஏழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்காக 'சக்கா ஜாம்' என்று ஒரு நாடகம் போட்டார்கள். வேலைநிறுத்தம் முடிந்தபின் அதையே மாற்றி 'ஹல்லா போல்' என்று ஆக்கினார்கள். குரல் எழுப்பு, உரக்கக் கத்து என்று பொருள் கொள்ளலாம்.

1989 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை. காசியாபாத் நகராட்சித் தேர்தல் நேரம். சாகிபாபாத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஜண்டாபூரில், அம்பேத்கர் பூங்காவுக்கு அருகே, காலை பதினொரு மணி போல் 'ஹல்லா போல்' ஆரம்பமானது. 'மெஷின்' எந்த வட்டாரத்துக் கதையோ அதே வட்டாரம். மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளருக்கு ஆதரவான நிகழ்ச்சி அது. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது காங்கிரஸ் ஆதரவு பெற்ற வேட்பாளர் முகேஷ் சர்மாவும் அவருடைய ஆட்களும் ஊர்வலமாக வந்து வழி கேட்டார்கள். சப்தர் போய், கொஞ்சம் பொறுங்கள், முடியப்போகிறது, இல்லையென்றால் வேறு வழியாகப் போங்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவ்வளவுதான். இரும்புத் தடி, லத்தி, துப்பாக்கியோடு பாய்ந்தார்கள். ராம் பகதூர் என்ற நேபாளத் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். நடிகர்கள் அருகிலிருந்த சி.ஐ.டி.யு. சங்க அலுவலகத்துக்குள் ஓடினார்கள். தாக்கியவர்கள் அங்கேயும் வந்தார்கள். மற்றவர்கள் பின்பக்கமாகத் தப்பிக்கும்வரை சப்தர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரால் தப்பிக்க முடியவில்லை. தலையில் பலத்த அடி. தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் ஜனவரி 2 இரவு உயிர் பிரிந்தது.

ராம் பகதூரின் பெயரைப் பல கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. அவர் நடிகரும் இல்லை, எழுத்தாளரும் இல்லை. பிழைப்புக்காக மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு கூலித் தொழிலாளி. அன்று இறந்தது இரண்டு பேர் என்பதை நம் மலராவது எழுதி வைக்கட்டும்.

மூன்றாம் தேதி தில்லித் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் சப்தரின் இறுதி ஊர்வலத்தில் நடந்தார்கள். நான்காம் தேதி நடந்ததுதான் நம்பமுடியாதது. கணவர் இறந்து இரண்டு நாள்கூட முழுதாக ஆகாத நிலையில், மொலயஸ்ரீ குழுவினரோடு ஜண்டாபூருக்கே திரும்பிப் போனார். எந்த இடத்தில் நாடகம் நின்றதோ அதே இடத்தில், அதே 'ஹல்லா போல்' நாடகத்தைத் தன் பாத்திரத்தில் தானே நடித்து முழுதாக முடித்தார். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் ஜனம். பழிவாங்குவோம் என்று ஒரு கல் பறக்கவில்லை, ஒரு கடை உடையவில்லை. நின்றுபோன நாடகம் முடிக்கப்பட்டது, அதுதான் பதில். இதைப் பற்றி நான் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். அந்த அம்மையாருக்கு அன்று எப்படிக் குரல் வந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

அந்த மாதமே தில்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில், மேடைமேல் நின்று நடிகை ஷபானா ஆஸ்மி கண்டன அறிக்கை படித்தார். அவருடைய பிறந்த நாளான ஏப்ரல் 12-ல் நாடெங்கும் ஆயிரக்கணக்கான தெருநாடகங்கள் நடந்தன. அன்றிலிருந்து அது தேசியத் தெருநாடக நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் பெயரால் 'சஹ்மத்' அறக்கட்டளை 1989-ல் உருவானது. பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு, 1993 ஆகஸ்டில் அயோத்தியிலேயே இசை நிகழ்ச்சியும் கண்காட்சியும் நடத்திக் காட்டியது அந்த அமைப்பு.

வழக்கு? அது நம் நாட்டு வழக்கு. 1989-ல் நடந்த கொலைக்கு 2003 நவம்பரில் காசியாபாத் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முகேஷ் சர்மா உட்படப் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. பதினாலு வருஷம்! பட்டப்பகலில், தேர்தல் நேரத்தில், இத்தனை பேர் கண்ணெதிரில் நடந்ததற்கே பதினாலு வருஷம். ஹாரிக் இந்தியாவில் செத்த ஆறு பேரின் பெயராவது நம்மில் யாருக்காவது தெரியுமா?

நம்ம ஊரில் நாடகக்காரர் நிலைமை மட்டும் என்ன வாழ்ந்தது? வெள்ளைக்காரன் 1876-ல் போட்ட நாடக நிகழ்ச்சிகள் சட்டம் ஒன்று இருந்தது. போதாதென்று 1954-ல் இங்கே தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எம்.ஆர்.ராதாவின் வாயை அடைக்கத்தான் அது என்று அன்றே பேசிக்கொண்டார்கள். நாடகத்தின் கதை வசனத்தை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்கு என்பதுதான் சாரம். இதை எதிர்த்து, 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய ஞாநி சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2013-ல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1876-ஆம் ஆண்டுச் சட்டம் 2018-ல்தான் ரத்தானது. சப்தர் உயிரோடு இருந்த காலம் முழுக்க, அவர் நாடகம் போட்ட தெருக்களின்மேல் அந்த வெள்ளைக்காரச் சட்டம் உட்கார்ந்திருந்தது.

நான் நான்காம் வருஷம் படித்தபோது நம் கல்லூரிக் கலைவிழாவில் தெருநாடகப் போட்டி உண்டு. இப்போதும் நடக்கிறதாம், பரிசுத் தொகைகூட ஏறியிருக்கிறதாம். மகிழ்ச்சி. பதினைந்து நிமிஷம், பன்னிரண்டு பேருக்கு மிகாமல், ஒரே நிறச் சட்டை, பறை. தலைப்பு மட்டும் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஒழிப்பு, ஹெல்மெட் அணிவீர், மரம் வளர்ப்போம். தப்பில்லை, ஹெல்மெட்டும் உயிர் காக்கிறது. ஆனால் மெஸ்ஸில் தட்டு கழுவுகிற ஆயாவுக்கு மாதம் எவ்வளவு சம்பளம், வாட்ச்மேன் எத்தனை மணி நேரம் நிற்கிறார், உட்கார அவருக்கு ஒரு ஸ்டூல் உண்டா என்று நம் கேம்பஸுக்குள்ளேயே பதின்மூன்று நிமிஷ நாடகத்துக்கு விஷயம் கிடக்கிறது. பரிசு கிடைக்காமல் போகலாம். துறைத் தலைவர் கூப்பிட்டு விசாரிக்கலாம். பழைய மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம், வந்து பார்ப்போம்.

என் கதையையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) நிரந்தரத் தொழிலாளிக்குக் கேன்டீன், கான்டிராக்ட் தொழிலாளிக்கு கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டி. மழை வந்தால் டீயோடு தண்ணீரும் சேரும். கேட்டை ஒட்டி ஒரு ஷெட் போட எஸ்டிமேட் கொடுத்தோம். இரண்டு லட்சத்துக்கும் குறைவு. ஃபைல் எட்டு மாசம் சுற்றியது. 'உற்பத்திக்கு இதனால் என்ன லாபம்' என்று மூன்று தடவை கேள்வி கேட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை என் மேலதிகாரி, அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிற மனுஷர், 'லாபம் ஒன்றுமில்லை, மழை பெய்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஷெட் வந்தது. அவர் சப்தர் ஹஷ்மியைக் கேள்விப்பட்டவர் அல்ல.

விரிவாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: ஜனம் குழுவில் நடித்தவரும், 1989 ஜனவரி 1 அன்று அந்த இடத்தில் இருந்தவருமான சுதன்வா தேஷ்பாண்டே, 'ஹல்லா போல்' என்ற பெயரிலேயே 2020-ல் ஆங்கிலத்தில் சப்தரின் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். நல்ல புத்தகம், ஒரே மூச்சில் படிக்கலாம். சப்தரின் தாயார் கமர் ஆஸாத் ஹஷ்மி மகனைப் பற்றி எழுதிய நூலும் உண்டு.

ஜனம் குழு இன்னமும் இருக்கிறது. 2012-லிருந்து தில்லி ஷாதி காம்பூரில் 'ஸ்டூடியோ சப்தர்' என்று சிறிய அரங்கம் வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே 'மே டே' என்று புத்தகக் கடை. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ஜண்டாபூரில் கூட்டம் கூடி நாடகம் போடுகிறார்கள். நொய்டா, காசியாபாத், குர்கான் பக்கம் வேலையில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் சிலராவது இருப்பீர்கள். முந்தின ராத்திரிக் கொண்டாட்டத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, காலையில் ஸ்வெட்டரோடு கிளம்பிப் போய்ப் பாருங்கள். டிக்கெட் இல்லை, நாற்காலியும் இல்லை. நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும்.